இருபத்து நான்கு புத்தகங்கள்

அவர் முதன்முதலில் படியேறி வந்தபோது, "துடைக்கிற வேலைக்கு நேத்தே ஆள் எடுத்தாச்சும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

அந்தப் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை கிடைத்து அன்றைக்குப் பதினோராவது நாள். மேசை மேல் என் பெயர்ப்பலகை. பெயருக்குக் கீழே பி.எஸ்சி. என்று போட்டிருக்கும். மையத்தில் கொடுத்ததல்ல, நானே கடையில் சொல்லி எழுதி வாங்கியது. எங்கள் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் என்னைக் கல்லூரியில் சேர்க்கிற விண்ணப்பத்துக்காக. ஆகவே அந்தப் பலகையைத் தினமும் காலையில் கைக்குட்டையால் துடைத்து வைப்பேன்.

எதிரில் நின்றவருக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்தி உறை மாட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் துடைக்கிற வேலைக்கு வந்தவர் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன்.

"வேலைக்கு வரல சார். ஏற்கெனவே இருக்கிற வேலையே போதும் போதும்னு இருக்கு. படிக்க வந்திருக்கேன்" என்றார்.

பக்கத்துத் தடுப்பிலிருந்து லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவர் எங்கள் மையத்தின் பழைய மாணவர். ஒரு வருஷமாக மூன்றாவது கணக்குப் புத்தகத்திலேயே வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர். "உள்ள வாங்கம்மா. இங்க யாரும் விரட்ட மாட்டாங்க. அவங்கவங்க ஸ்பீடுதான். நான் முதல் கியர்லயே போயிட்டிருக்கேன்" என்றார்.

வந்த அம்மா மூன்று தெரு தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். எங்கள் ஜன்னலில் நின்றால் அதன் புகைபோக்கியிலிருந்து ஆவி போவது தெரியும். ஆபரேஷன் அறைத் துணி, படுக்கை விரிப்பு, தலையணை உறை என்று ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல். எந்தக் கறையானாலும் எடுத்துவிடுவாராம். அதனால் அங்கே எல்லாரும் அவரை வெள்ளையக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் ஒரு மாதத்தில் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

பதினாறு வருஷம் ப்ளீச்சிலும் ஆவியிலும் நின்றதில் கைத்தோல் வெடித்துப் போயிருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட உறையைக் கழற்றியபோது பார்த்தேன். விரல் மடிகிற இடமெல்லாம் சிவந்த கீறல். தோல் டாக்டர் அவரிடம் ஒரே வரியில் சொல்லியிருந்தார்: ஈர வேலையை விடு, இல்லாவிட்டால் கையை மறந்துவிடு.

விட வழி ஒன்று இருந்தது. அதே ஆஸ்பத்திரியில் துணி ஸ்டோர். துவைத்த துணியை எண்ணி அடுக்கி, சீட்டு எழுதி, வார்டுகளுக்குக் கொடுக்கிற உலர்ந்த வேலை. அங்கே இருந்த ஸ்டோர்காரர் அடுத்த ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை வெள்ளையக்காவுக்கே கொடுப்பதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆனால் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பள்ளி இறுதித் தரத்தில் ஒரு சான்றிதழ் வேண்டும். அவர் படித்தது ஏழாவது.

"பத்து மாசம் இருக்கு சார். முடியுமா?"

"அது உங்க கையிலதான் இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டு, "அப்ப கஷ்டம்தான்" என்று சிரித்தார்.

எங்கள் மையத்தில் வகுப்பு கிடையாது. கணக்குக்குப் பன்னிரண்டு புத்தகம், ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் நாற்பது பக்கம். அவரவர் வேகத்தில் படித்து, புத்தகத்திலேயே பென்சிலால் விடை எழுத வேண்டும். ஜன்னலோரம் உயரமான ஒரு மேசையில் விடைப்புத்தகங்கள் இருக்கும். எழுதியதை அங்கே கொண்டுபோய் நின்றபடியே ஒப்பிட்டு, சிவப்பு ஜெல் பேனாவால் தாங்களே சரி, தப்பு போட்டுக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் தடுப்பின் மேல் மஞ்சள் அட்டை, தேர்வுக்குத் தயார் என்றால் சிவப்பு அட்டை. தேர்வுத் தாள் புத்தகத்தின் நடுவில் உள்ள நான்கு பக்கம். அதை நான் முன்னாலேயே கழற்றி வைத்திருப்பேன். எண்பது வாங்கினால் சுவரில் இருக்கும் அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். குறைந்தால் அதே புத்தகம் மறுபடி. திருத்திய தாளைப் பழையபடி நடுவில் வைத்துப் பின் அடித்து மாணவரிடமே கொடுத்துவிடுவேன். இருபத்து நான்கும் முடிந்ததும் மொத்தமாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் புரட்டிப் பார்த்துச் சான்றிதழ் அனுப்புவார்கள். தனியாக ஒரு பரீட்சை கிடையாது. அன்றாடம் எழுதுவதுதான் பரீட்சை என்பது எங்கள் விளம்பரம்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் முடித்த புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி, புரட்டிப் பார்த்து, உள்ளட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு, பார்த்தாகிவிட்டது என்று ஒரு படிவத்தை அனுப்ப வேண்டும்.

வெள்ளையக்கா காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வருவார். ஐந்தரை வரை இருப்பார். ஏழாம் எண் மேசை. உறை போட்ட கையால் பென்சிலை அவர் பிடிப்பதே தனி. மூன்று விரலில் வைக்க முடியாது, மடக்கினால் வெடிப்பு விரியும். முழுக் கையாலும் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்து அழுத்தி எழுதுவார். எழுத்து பின்பக்கம் வரைக்கும் பள்ளமாக இறங்கும்.

முதல் மூன்று மாதத்தில் எட்டு நட்சத்திரம். லாரிக்காரர் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஓவர்டேக் பண்ணிட்டீங்க. ஹாரன் அடிச்சுச் சொல்லக் கூடாதா?" என்பார். "நீங்க ரோட்டுல இருந்தாத்தானே அடிக்கிறதுக்கு" என்பார் இவர்.

ஆறாவது கணக்குப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டார். சதவீதம். முதல் முறை அறுபத்தெட்டு. இரண்டாம் முறை எழுபத்திரண்டு. மூன்றாம் முறை எழுபத்தாறு. வட்டம் போட்டு நூறாகப் பிரித்துக் காட்டினேன். கிரிக்கெட் ஸ்கோரில் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவார், தப்பாக எழுதுவார்.

மூன்றாம் முறை தோற்ற அன்று புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "திரும்பவும் இதே புத்தகமா சார்? எழுதினது அப்படியே இருக்கே" என்றார்.

"அழிச்சுட்டு எழுதுங்கக்கா. அழிக்கறதுல என்ன இருக்கு? நான் பத்தாவது வரைக்கும் அழிச்ச புத்தகத்துலதான் படிச்சேன். மேல்வீட்டு அண்ணன் எழுதுவான், ரப்பர் போட்டு அழிச்சு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பான், அங்கேருந்து எனக்கு வரும். ஒரு புத்தகத்துல ஆறு பேர் படிச்சோம். பரீட்சை முடிஞ்சதும் நாங்க செய்யற முதல் வேலை, உட்கார்ந்து அழிக்கறதுதான். அடுத்தவனுக்குச் சுத்தமாக் கொடுக்கணும். அப்படிப் படிச்சுத்தான் இந்தப் பலகை" என்று மேசையைக் காட்டினேன்.

அவர் பலகையை மரியாதையாகப் பார்த்தார். "வாத்தியார் போட்ட சிவப்பு மை?"

"அது போகாது. அப்படியேதான் இருக்கும்."

"எங்ககிட்ட கொடுத்திருந்தா போயிருக்கும்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். லாரிக்காரர்தான் முதலில் சிரித்தார். எனக்கு அந்தக் கதையைச் சொன்னதில் அன்று முழுக்க ஒரு நிறைவு இருந்தது.

மறுநாளே அந்தப் புத்தகம் திறந்துகொண்டது. மஞ்சள் அட்டை ஏறியது. போனேன்.

"சார், இது கலவைக் கணக்கா?"

"என்ன கலவை?"

"இருபது லிட்டர் வாளியில அஞ்சு சதவீதம் ப்ளீச்சுன்னா ஒரு லிட்டர் ஊத்துவோம். ரத்தக் கறைன்னா பத்து, ரெண்டு லிட்டர். மெஷின்ல எண்பது லிட்டர் தண்ணி, அதுல ரெண்டரைன்னா ரெண்டு லிட்டர். இந்தக் கடைக்காரன் தள்ளுபடி கொடுக்கறதும் அதேதானா?"

"அதேதான்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். பதினாறு வருஷமாப் போட்டுட்டிருக்கேன்."

அந்தத் தேர்வில் தொண்ணூற்றாறு. பிறகு அவர் எங்கேயும் நிற்கவில்லை. மாதக் கடைசிப் படிவத்தில் அவர் பெயருக்கு நேரே புத்தகங்களைப் பார்க்காமலேயே டிக் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினேன். முப்பத்தோரு மாணவர்கள், ஏமாற்றுகிறவர்கள் யார் என்று பார்ப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை. சுவரில் மின்னுகிறவரிடம் போய் என்னத்தைப் பார்ப்பது? ஒன்பது மாதமும் அப்படித்தான். ஒரு தடவை அவராகவே, "புத்தகமெல்லாம் கொண்டு வரணுமா சார்?" என்று கேட்டார். "மொத்தமா முடிச்சுட்டுக் கொண்டு வாங்க. பத்திரமா வைங்க" என்றேன்.

ஒன்பதாவது ஆங்கிலப் புத்தகத்தில், வேலை செய்யும் இடத்தைப் பற்றி எண்பது சொல்லில் எழுது என்று ஒரு பயிற்சி. நூற்றைம்பது எழுதிக்கொண்டு வந்தார். அவரும் அவர் தங்கச்சியும் ஒரே பிரிவில். இவர் மூன்றாம் எண் மெஷின், தங்கச்சி நான்காம் எண். சத்தத்தில் பேச முடியாது, அதனால் இருவரும் துணியை உதறுகிற விதத்திலேயே பேசிக்கொள்வார்களாம். ஒரு உதறல் என்றால் சாப்பிடப் போகலாம், இரண்டு என்றால் சூப்பர்வைசர் வருகிறார். நான் ஸ்டோருக்குப் போனதும் என் தங்கச்சியும் படிப்பாள், அவளையும் ஈரத்திலிருந்து வெளியே கொண்டுவருவேன் என்று முடித்திருந்தார். இரண்டு இடத்தில்தான் திருத்தினேன். என் பட்டப்படிப்பில்கூட நான் அப்படி ஒன்று எழுதியதில்லை. ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

மே மாதம் இருபத்தாறாம் தேதி இருபத்து நான்காவது நட்சத்திரத்தை ஒட்டினேன். லாரிக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். மறுநாள் வெள்ளையக்கா ஒரு தலையணை உறையில் இருபத்து நான்கு புத்தகத்தையும் போட்டுத் தூக்கி வந்தார். கூடவே தங்கச்சி. அக்காவைப் போலவே முகம், அக்காவைப் போலவே உறை போட்ட கை.

முதல் புத்தகத்தைத் திறந்தேன். வெறும் பக்கம். ஏதோ தவறுதலாகப் புதுசை வைத்துவிட்டார் என்று நினைத்து அடுத்ததைத் திறந்தேன். அதுவும் வெறுமை. பத்தாவது, பதினைந்தாவது. நடுவில் பின் அடித்திருந்த தேர்வுத் தாள்களும் அப்படியே. நான் சிவப்பில் போட்ட மதிப்பெண்கூட இல்லை. காகிதம் தேய்த்து மடித்ததுபோல விறைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி விரிப்பின் வாசனை வந்தது.

"என்னக்கா இது?"

"எப்படி இருக்கு? புதுசு மாதிரி இல்ல?" என்றார் தங்கச்சி. "பென்சில் ரப்பர்ல போயிடுச்சு சார். சிவப்புக்குத்தான் பாடுபட்டோம். ப்ளீச்ச ரொம்ப நீர்த்து, பஞ்சுல தொட்டுத் தொட்டு, அப்புறம் நல்ல தண்ணி, அப்புறம் ரெண்டு துணிக்கு நடுவுல வெச்சு அயர்ன். ஒரு தாள்கூடக் கிழியல."

"எதுக்கு அழிச்சீங்க?"

வெள்ளையக்காவின் முகம் மெல்ல மாறத் தொடங்கியது. "தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பணும்னு சொன்னீங்களே சார். கறையோட அனுப்பினா ஏத்துக்குவாங்களா? எங்க பக்கம் ஒரு சொட்டு மை இருந்தாலும் துணி திரும்ப வந்துடும். மார்க்குதான் சுவர்ல இருக்கே. அதோட, அவங்க எண்ணிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தா இவளுக்குப் படிக்க ஆகுமேன்னு..." தங்கச்சியைப் பார்த்தார். "நீங்கதானே சார் சொன்னீங்க, அடுத்தவங்களுக்குச் சுத்தமாக் கொடுக்கணும்னு."

நான் விளக்கிச் சொன்னேன். மாணவர் எழுதியதைப் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்தில் சான்றிதழ் கொடுப்பார்கள். எழுத்துதான் அத்தாட்சி. சொல்லச் சொல்லத் தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளையக்கா உட்காரவில்லை.

"சரி சார். திரும்ப எழுதிடறேன்" என்றார். "புத்தகம் சுத்தமாத்தானே இருக்கு. முப்பத்தி நாலு நாள் இருக்கு. விடையெல்லாம் தெரிஞ்சதுதான். ஒரு மாசம் லீவு போட்டா முடிச்சுடலாம். கை மட்டும் கொஞ்சம் தாங்கணும்."

இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம். பக்கம் ஒன்றுக்கு எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் கணக்குக்கூடப் போட்டேன், சரியாக வந்தது. ஆனாலும் நான் சொன்னது இதுதான்:

"வேண்டாங்கக்கா. அந்தக் கையோட ஆயிரம் பக்கம் எழுதறதா? நான் இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதறேன். நடந்தத நடந்தபடி சொல்றேன். அட்டவணையோட போட்டோவும் வைக்கிறேன். ஒரு கிராஜுவேட் கையெழுத்துப் போட்டு எழுதினா ஒத்துக்காமலா போயிடுவாங்க?"

அவர் மறுபடி அந்தப் பலகையைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரி சார்" என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல ஆங்கிலம். இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு பிழை கிடையாது. புத்தகங்களோடு சேர்த்து அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் கோபக்காரரல்ல, களைத்த குரல். வேறொரு மையத்தில் படிக்காதவர்களுக்கெல்லாம் நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார்களாம்; அதனால் அட்டவணையை இப்போது யாரும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லையாம்.

"ஒரு பரீட்சை வெச்சுப் பாருங்க சார். இப்பவே எழுதுவாங்க" என்றேன்.

"நம்ம முறையில பரீட்சையே கிடையாதே தம்பி. அத விடுங்க. மாசா மாசம் புத்தகங்களைப் பார்த்ததா நீங்க படிவம் அனுப்பியிருக்கீங்க. அப்படின்னா உள்ளட்டையில உங்க கையெழுத்து இருக்கணும். இருபத்து நாலுல ஒண்ணுலகூட இல்லையே?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் பலகை எதிரிலேயே இருந்தது. இந்த வேலை கிடைத்த செய்தியை என் அப்பா ஊர் முழுக்க நடந்து போய்ச் சொன்னவர்.

"அதுவும் அழிஞ்சிருக்கும் சார்" என்றேன். "அவங்க எல்லா மையையும் எடுத்துட்டாங்க."

"கையெழுத்தையுமா?"

"ஆமா சார்."

அந்தப் பக்கம் பேனா எழுதும் சத்தம் கேட்டது. "சரி" என்று வைத்துவிட்டார்.

ஜூன் இருபத்து நான்காம் தேதி பார்சலும் கடிதமும் வந்தன. வெள்ளையக்கா அன்றைக்கு மூன்று மணிக்கே வந்து ஏழாம் எண் மேசையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மாதமும் தினமும் வந்து, படிப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டுப் போவார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதைப் பிரித்து ஒரு முறை படித்துவிட்டு, மடித்து, என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கொடுங்க சார், நானே படிக்கறேன். இதுக்குத்தானே படிச்சது" என்றார்.

கொடுக்காமல் இருந்திருக்கலாம். கை நீட்டிவிட்டார், கொடுத்துவிட்டேன்.

உறை போட்ட விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். பத்து மாதத்துக்கு முன்னால் அவருக்கு அதில் ஒரு வரிகூட விளங்கியிருக்காது. முதல் பத்தியில் ஒரு முறை நின்று, பின்னால் போய், மறுபடி படித்தார். இரண்டாம் பத்தியில் விரல் நின்றது. அங்கே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். மாணவி தன் விடைகளை மட்டுமல்லாமல், மாதந்தோறும் சரிபார்த்த அலுவலரின் கையெழுத்துகளையும் இரசாயனம் கொண்டு நீக்கியிருப்பதாக அந்த அலுவலரே உறுதிப்படுத்தியுள்ளார். ஆகவே இது அறியாமல் செய்த பிழை என்று ஏற்க இயலவில்லை.

அந்த வரியை அவர் மூன்று முறை படித்தார். தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்திருக்க வேண்டும். பழக்கத்தில் கை மஞ்சள் அட்டையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சார், நீங்க கையெழுத்துப் போடலையே" என்றார்.

குரல் உயரவில்லை. கணக்கில் ஒரு இடத்தில் இடிக்கிறது என்று சொல்கிற குரல்தான். லாரிக்காரர் அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அக்கா..." என்றேன்.

"போட்டிருந்தா தொட்டிருக்க மாட்டேன். அது உங்க கையெழுத்து இல்ல?"

அவர் கடிதத்தை நான்காக மடித்து மேசையில் வைத்தார். பிறகு பார்சலை இழுத்து ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்தார். முதல் பக்கத்தில் குறுக்காக, உள்ளங்கை அகலத்துக்கு, ஊதா நிறத்தில் ‘செல்லாது’ என்று முத்திரை. அடுத்த பக்கத்திலும் அதேதான். இருபத்து நான்கிலும், நாற்பது பக்கத்திலும் குத்தியிருந்தார்கள். எத்தனை பேர் உட்கார்ந்து குத்தினார்களோ.

அவர் ஒரு கையுறையைக் கழற்றினார். விரல் நுனியை நாக்கில் தொட்டு முத்திரையின் ஓரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது எண்ணெய் மை. போகாது" என்றார். "எடுத்தா தாளும் சேர்ந்து போயிடும். அவளுக்கும் ஆகாது."

உறையை மறுபடி மாட்டிக்கொண்டார். தலையணை உறையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். போகும்போது லாரிக்காரரிடம், "வரேண்ணே" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

அவர் போன பிறகு ஒன்பதாவது ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தை அந்த வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தபோது, அயர்ன் செய்தும் முழுதாக மறையாத பென்சில் பள்ளங்கள் தெரிந்தன. என் தங்கச்சி நான்காம் எண் மெஷினில் இருக்கிறாள் என்ற ஒரு வரியை முழுதாகப் படிக்க முடிந்தது. மற்ற வரிகளின் மேல் முத்திரை இருந்தது. தலைமை அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஒரே ஒரு புத்தகத்தை இப்படிச் சாய்த்துப் பார்த்திருக்கலாம். அனுப்புவதற்கு முன்னால் நானாவது பார்த்திருக்கலாம்.

நடந்ததை ஒத்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதினேன். அன்றைக்கே எழுதவில்லை. இரண்டு நாள் அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எழுதினேன். இந்த முறை அரைப்பக்கம்தான். பதில் ஜூலை பதினோராம் தேதி வந்தது. மாணவி மீதான குறிப்பு நீக்கப்பட்டது, அவர் விரும்பினால் முதல் புத்தகத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம், சரிபார்த்த அலுவலர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று மூன்று வரி. அதற்குள் ஸ்டோரில் பள்ளிப்படிப்பு முடித்த ஒரு இளைஞரைப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு சலவைப் பிரிவின் பின்வாசலுக்குப் போனேன். வெள்ளையக்கா ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடிதத்தை நீட்டினேன். கை ஈரம், வாங்க முடியாது என்று தலையசைத்தார்.

"என்ன போட்டிருக்கு?"

சொன்னேன்.

"முதல்லேருந்தா" என்றார். வண்டியைச் சுவரோரமாக நிறுத்தினார். "வேலை போயிடுச்சா தம்பி உங்களுக்கு?" அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"ஆமாக்கா."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்க. அடுத்தவங்க சொல்லித் தெரிய வேண்டாம்" என்றார். உள்ளே யாரோ ஒரு விரிப்பை இரண்டு முறை உதறினார்கள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் இப்போது ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பதிவு செய்கிறேன். என் மேசையில் பலகை எதுவும் இல்லை. லாரிக்காரர் நான்காவது புத்தகத்துக்கு வந்துவிட்டார். வெள்ளையக்கா மறுபடி சேரவில்லை, தங்கச்சியும் சேரவில்லை. வலது கையில் இரண்டு விரல் அவருக்கு இப்போது மடங்குவதில்லை. மூன்றாம் எண் மெஷினில், காலை ஷிப்டில் இருக்கிறார்.